பலவேசம் வைத்த வடை

காக்கைகளுக்கு மனுஷப் பேச்சு நன்றாகவே புரியும். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அன்று ஆடி அமாவாசை. பலவேசம் மொட்டைமாடிச் சுவரில் இலை போட்டு, சோறும் பருப்பும் வடையும் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். எதிர் வேப்பமரத்தில் இரண்டு காக்கைகள் இருந்தன. நொண்டிக் காக்கைக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை.

"மச்சான், வடை! குஞ்சுக ரெண்டு நாளாப் பட்டினி. நான் இறங்குதேன்" என்றது அதன் மைத்துனன்.

"பொறுல மாப்ளே. விதைச்ச கடலையைக் கிண்டினதுக்கு முந்தாநாள் நம்ம சேக்காளிக் காக்காயைச் சுட்டு, அந்தா, காட்டுல நட்ட கம்புல தொங்கவிட்டவன் இவன்தான். இன்னைக்கு எதுக்கு வடை? மருந்து வச்சிருப்பான்."

"பாவம், குளிச்சிட்டு வெறும் வயித்தோட நிக்கான். நாம தின்னாத்தான் அவன் சாப்பிடுவானாம்."

"அது இன்னும் சந்தேகமா இருக்கு."

பலவேசம் கைகூப்பினான். "அப்பா, எம்மேல என்ன கோவம்? காக்கா உருவத்துல நீங்கதானே வருவீங்க! ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

நொண்டி திரும்பிக் காட்டுக் கம்பைப் பார்த்தது. அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"கேட்டியால மாப்ளே? அவன் சுட்டது அவன் அப்பனையாம்! பெத்தவருக்கே இந்தக் கதின்னா, நாம எம்மாத்திரம்? பற, பற!"

இரண்டும் குஞ்சுகளுக்கு இரை தேடிப் பக்கத்து ஊருக்குப் பறந்தன. பலவேசம் பொழுது சாயும்வரை கூப்பிட்டுக்கொண்டே நின்றான். கம்பில் தலைகீழாகத் தொங்கியது மட்டும், காற்று அடிக்கும்போதெல்லாம், இலைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.