சுவரின் கனம்

"பாட்டு ரூமா அண்ணி இது? மீன் தொட்டி!"

பாட்டு ஆசிரியை இப்படிச் சொன்னதும் கட்டடக் குழுத் தலைவர் சிரித்துவிட்டார். வரைபடத்தை வரைந்தவள் சிரிக்கவில்லை. ஆசிரியை அவளுக்கு நாத்தனார்; வீட்டுக் கேலி சபையேறியதை அவளால் பொறுக்க முடியவில்லை.

மேசைமேல் விரிந்து கிடந்தது, ஆட்டிசக் குழந்தைகளுக்காக எழவிருக்கும் கலைச் சிகிச்சை இல்லம். கூர்முனையற்ற சுவர்கள். இரையாத விளக்குகள். முழங்கை வரை களிமண் அளைய ஓர் அறை. இரைச்சல் தாளாத பிள்ளை ஒடுங்கிக்கொள்ள, அலமாரி அளவில் ஒரு பொந்து. இவற்றில் எவருக்கும் மறுப்பில்லை.

வழக்கெல்லாம் ஒரு சாளரத்தைப் பற்றித்தான்.

பாட்டறைக்கும் பெற்றோர் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே இரண்டடிக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது. வெளியே இருப்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும், சிறு ஒலிபெருக்கி வழியே எல்லாம் கேட்கும். அவள் தாளில் இட்ட முதல் கோடு அதுதான். சுவர் பிறகே வந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

வாசலிலேயே நிறுத்தப்பட்ட கூட்டத்துக்குப் பெற்றோர் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றாள். சோதனைக்கு அழைக்கிறீர்கள், கையெழுத்துக்கு அழைக்கிறீர்கள், குறைகளை அடுக்கிக் காட்ட அழைக்கிறீர்கள்; பிள்ளை மகிழ்ந்திருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் கதவைச் சாத்துகிறீர்கள்! அந்தப் பூட்டை உங்கள் கையில் கொடுத்தவர் யார்? பெற்ற பிள்ளையின் மகிழ்ச்சி பெற்றவளுக்கு மட்டும் ஏன் விலக்கு?

குழுவிலிருந்த மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுவின் ஐவரில் நால்வர் கை தூக்கினர். சாளரம் நிறைவேறியது.

எல்லோரும் தேநீருக்கு எழுந்து போனார்கள். நாத்தனார் மட்டும் போகவில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலில் இப்போது கேலி இல்லை.

"வீட்டுல வாயே திறக்காத உங்க பையன் என் வகுப்புல மூணு வாரமா பாடுறான் அண்ணி. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே நிறுத்திடுறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னா அவனுக்குத் தெரியாமப் போயிடுமா?"



வரைந்தவள் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அறை யாருடையது என்ற கேள்வியை அவ்வளவு பேச்சிலும் எவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அழிப்பானை எடுத்தாள்.

நால்வர் கை தூக்கி நிறைவேற்றியது துகள் துகளாக உதிர்ந்தது. மறுபடி கூட்டம் கூட்ட வேண்டியிருக்கும், கூட்டட்டும். சாளரம் இருந்த இடத்தில் இரண்டு கோடுகளை இழுத்துச் சுவராக்கினாள். கனத்தை ஓரத்தில் குறித்தாள். மற்றச் சுவர்களெல்லாம் ஒன்பது அங்குலம், இதற்குப் பதினெட்டு. அந்தப் பக்கத்து மூச்சுகூட இந்தப் பக்கம் வராது.

துகளை ஊதித் தள்ளினாள். தலை நிமிரவில்லை.

"அவன் குரல்... எப்படிம்மா இருக்கும்?"