வெள்ளைப் பின்னணி

மெமரி கார்டை டாக்டரின் மேஜைமேல் வைத்துவிட்டு, போட்டோக்காரர் சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தை ஆராய ஆரம்பித்தார்.

சிறுநீரகத்தின் மேல் அவருக்கு அப்படியொன்றும் அக்கறை இல்லை. டாக்டரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

போன தடவை டாக்டர்தான் கேட்டிருந்தார். உறுப்பு விறைத்திருக்கும்போது எவ்வளவு வளைகிறது என்று தெரிய வேண்டும். அதற்காக இங்கே ஊசி போட்டு வரவழைப்பதைவிட, வீட்டிலேயே ஒரு படம் எடுத்து வந்துவிடலாம். உங்களுக்குத் தெரியாத வேலையா என்று சிரிக்க வேறு செய்தார்.

தெரிந்த வேலைதான். ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் இருக்கும் முகம் இவர் எடுத்தது. ஆனால் இந்த ஒரு படத்தைக் கடையில் வைத்து எடுக்க முடியுமா?

போனில் எடுத்தால் வீட்டில் யார் கண்ணிலாவது படும். அதனால் குளியலறைக் கதவைத் தாழிட்டு, கடைக் கேமராவை வாஷிங் மெஷின் மேல் நிறுத்தி, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நின்றார். வெளிச்சம் சரியில்லை. பின்னால் ஒரு நீல வாளி, ஈரத்துண்டு, பாதி பிதுங்கிய பற்பசை. ஆயுளில் எடுத்த படங்களிலேயே அதுதான் படுமோசம். மறுபடி எடுக்கத் தெம்பில்லை. கார்டை உருவி, கேமராப் பையின் உள்ளறையில் ஒளித்து வைத்தார்.

டாக்டர் கார்டை லேப்டாப்பில் செருகினார். லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. அது தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

"இது திறக்கறதுக்குள்ள சொல்லிடறேன். பயப்படாதீங்க, கேன்சர் கீன்சர் எதுவும் இல்ல. தோலுக்கு அடியில ஒரு தழும்பு கெட்டியாயிருக்கு. அது விரிஞ்சு கொடுக்க மாட்டேங்குது, அதான் அந்தப் பக்கமா இழுக்குது."

பெய்ரோனி நோய் என்று பெயரும் சொன்னார். சொல்லாமல் வைத்திருக்கும் ஆண்கள்தான் அதிகமாம்.

இப்போதைக்கு வலிக்கு மாத்திரை. தினமும் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்ள ஒரு இழுவைக் கருவி. வலி போய், வளைவும் மேற்கொண்டு கூடாமல் நின்றுவிட்டால், தழும்புக்குள்ளேயே போடுகிற ஊசி இருக்கிறது. எதற்கும் மசியாமல், தாம்பத்தியமே முடியாது என்கிற நிலை வந்தால் மட்டும் கடைசியாக ஆபரேஷன். அதில் நீளம் கொஞ்சம் குறையலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சிலருக்கு ஒன்றுமே செய்ய வேண்டியிருக்காதாம். வளைவோடேயே நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறார்களாம்.

போட்டோக்காரருக்கு இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

வந்த மூச்சு அங்கேயே நின்றது.

எங்கே சொன்னார்? முதுகுவலி என்று சொல்லி ஹால் சோபாவுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டவர்தான். ஆரம்பத்தில் மனைவியும் அதை நம்பி, தைலம் தேய்த்துவிட்டாள். பிறகு தேய்ப்பதை நிறுத்திக்கொண்டாள். போன வாரம் கடையில், யாரோ ஒரு மணப்பெண்ணின் கன்னத்துப் பருவைத் திரையில் அழித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னைப் பிடிக்கலையாங்க?"

அவர் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார். சொன்னால் முகம் சுளித்துவிடுவாளோ என்று பயம். சொல்லாமலேயே இருந்தால் விட்டுப் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயம்.

லேப்டாப் ஒருவழியாக மனம் இரங்கியது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "அடேயப்பா! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு படத்தை யாரும் கொண்டுவந்ததில்ல. பாஸ்போர்ட் ஆபீசுக்கே அனுப்பலாம் போலிருக்கே!"

கிண்டல் செய்கிறார் என்றுதான் போட்டோக்காரர் நினைத்தார். வேறு வழியில்லாமல் திரும்பித் திரையைப் பார்த்தார்.

வாளியைக் காணோம். துண்டைக் காணோம். பற்பசையும் போன இடம் தெரியவில்லை. பின்னால் ஒரே வெள்ளை. நிழல் விழுந்திருந்த பக்கம் வெளிச்சமாகி, வளைவு தொடங்கும் இடம் துல்லியமாகத் தெரிந்தது.

கடையில் அப்படியொரு வழக்கம். எடுப்பது இவர், எடுத்து முடித்ததும் கார்டு அவள் கைக்குப் போய்விடும். எந்த மூலையில் எந்தக் கார்டு கிடந்தாலும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள், திருத்தி முடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். பையின் உள்ளறையும் அந்த மூலைகளில் ஒன்று என்பது இவர் புத்திக்கு எட்டவில்லை.

காலையில் முதுகுவலி டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியபோது, வாசல்வரை வந்து, கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். முதுகில் என்ன கூச்சம் என்று இவர் அப்போது யோசிக்கவே இல்லை.

"அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பக்குவமா எடுத்துச் சொல்லி..."

"அவளுக்குத் தெரியும் டாக்டர்." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டார். "ரெண்டு பேருமா வர்றோம்."

அவள் கை படாமல் கடையிலிருந்து ஒரு முகமும் வெளியே போனதில்லை. கோணல் மூக்கை நிமிர்த்துவாள். ஏறின தோளை இறக்குவாள். எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டால், பாவம், ஆசைப்பட்டு எடுத்துக்கொள்கிறார்கள் என்பாள். வளைந்ததை நேராக்குவது அவளுக்கு ஒரு நிமிஷ வேலை.

போட்டோக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

வளைவை மட்டும் அவள் அப்படியே விட்டிருந்தாள்.