மலையேறும் பஸ்ஸில் சோம்பு

அடிவாரத்தைத் தாண்டிய பஸ் முதல் வளைவில் உறுமிக்கொண்டு திரும்புகிறது. சேலத்தில் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பும் இன்பமேரி, கணவர் அருள்சாமியின் தோளில் கண்மூடிச் சாய்ந்திருக்கிறாள். குமட்டல் வருமுன் அவர் பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த சோம்பை அவள் உள்ளங்கையில் வைக்கிறார். காப்பித் தோட்ட வேலையில் கறை ஏறிய அவர் விரல்களிலும் அந்த இனிப்பு மணம். “மெல்லு மேரி, வயித்தப் பெரட்டாது.” “நொம்ப அலுப்பா இருக்குதுங்க. அடுத்த ஊசிக்கு நா வரலைங்க.” அவருக்கும் அலுப்புதான். கண்ணாடியில் மூடுபனி வழிகிறது. வளைவுக்கு வளைவு அவள் தலை தோளில் இடிக்க, வாய் மட்டும் மெதுவாக அசைகிறது. உச்சி நெருங்கும்போது, நான்கு நாளாகச் சோற்றைத் தொடாதவள் கண்திறக்கிறாள். “ஏனுங்க, பசிக்குதுங்க.” அருள்சாமி சட்டென்று முகத்தைச் சன்னல்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.