லட்சுமி காசு

வரலட்சுமி பூசைக்கு வந்த பெண்கள் அம்மனைப் பார்த்ததைவிடக் கலசத்தில் ஒட்டியிருந்த லட்சுமி காசைத்தான் அதிகம் பார்த்தார்கள். "டிவியில காட்டுறாங்களே, அந்தச் சுத்தத் தங்கக் காசா? உன் வீட்டுக்காரரு வாங்கிக் குடுத்தாரா? குடுத்து வச்சவடி நீ" என்று இளைய மருமகள் கல்பகத்தின் கன்னத்தைக் கிள்ளினார்கள். மூத்தவள் வசுமதி எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கணவன் அவளுக்கென்று ஒரு முழம் பூ வாங்கிவந்ததில்லை. மறுநாள் பூசைப் பாத்திரங்களை அவளே வலியப் போய்த் தேய்க்க உட்கார்ந்தாள். குத்துவிளக்கோடு சேர்த்துக் காசையும் எடுத்து, புளி வைத்து அழுத்தித் தேய்த்தாள். லட்சுமியின் முகத்தில் மஞ்சள் போய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. அவள் வயிறு குளிர்ந்தது. "ஐயோ கல்பகம், இங்க வாயேன், உன் தங்கத்தப் பாரு!" கல்பகம் வந்து பார்த்தாள். கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பொட்டியப் பிரிச்சப்பவே தெரியும்க்கா. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. டிவியில பாத்து நல்லாருக்கேன்னு சும்மாத்தான் சொன்னேன். எனக்குத் தெரியாம போன் போட்டு வாங்கிட்டாரு, மனுஷன்." சொல்லும்போதே அவள் முகம் சிவந்தது. வசுமதி புளிக் கையோடு கூடத்துக்கு வந்தாள். டிவியில் ஒருவன் அதே காசைத் தூக்கிக் காட்டி, "சீக்கிரம் கூப்பிடுங்க, இன்னும் கொஞ்சம்தான் மீதி!" என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் கணவன் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தக் காசு ரொம்ப நல்லாருக்குல்லங்க?" என்று கேட்டுவிட்டு, வசுமதி அங்கேயே நின்றாள்.