அப்பாவை நனைத்தவள்

அவள் முதல் சொட்டை மீசை நுனியில் வைத்தாள்.

வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளித் திரையைப் பார்த்தாள்.

மீசை அப்பாவுடையது.

கடையில் யாருக்கும் அது தெரியாது. படத்தைக் கொடுத்துப் போன போர்வெல் முதலாளிக்கே தெரியாது, தன் வண்டியில் துளைபோடும் ராடு மாட்டுகிற ஆளின் மகள்தான் இந்த ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று.

நேற்று வரை அவள் உட்காரவும் இல்லை. பேனர் ஓரங்களில் கயிறு கோக்கச் சுத்தியலால் வளையம் அடிப்பவள். டிசைன் போடுகிறவர் வேலையை விட்டு நின்றதும், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகியதை நம்பி, வாய்விட்டுக் கேட்டு வாங்கிய நாற்காலி இது.

கடைக்கார அக்கா ஒரே ஒரு வேலை கொடுத்தாள். முதலாளிக்குப் பிடித்தால் நாற்காலி. பிடிக்காவிட்டால் பழையபடி சுத்தியல்.

முதலாளிக்கு, தண்ணீர் பீறிட்டு அடித்ததில் நனைந்து நிற்கும் ஆள் வேண்டும். இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர்.

கொடுத்த படத்தில் தண்ணீர் இல்லை.

தண்ணீர் வந்த தோட்டங்களில் எடுத்த படம் ஒன்றும் தேறவில்லை. அந்த நேரத்தில் போனைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவார்களா, நின்று படம் பிடிப்பார்களா. தெளிவாக விழுந்திருந்தது இது ஒன்றுதான். கடைசி ராடு வரை இறக்கியும் தண்ணீர் வராமல் வெறும் கல்தூள் புகை வந்த தோட்டம். முகமெல்லாம் கல்மாவு. யாரோ சிரிக்கச் சொன்னதற்காக அப்பா சிரித்திருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தோட்டத்துக்கார அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரு ராடு என்று கேட்டாளாம்.

ஏதோ தண்ணீரை இவர்தான் மூடி வைத்திருப்பதைப் போல.

முதலாளி வந்து பார்த்தார்.

"ஏனம்மிணி, ஆம்பள மூஞ்சிக்குக் கல்லுப் பொட்டு வெச்சு உட்டிருக்கறே?"

அக்கா சிரித்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. சொட்டுகள் வெள்ளை வெள்ளையாய், ஒரே அளவில், ஒட்டவைத்தது போலத்தான் இருந்தன.

டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு கடை பார்த்துக்கொள்வாராம்.

எல்லாவற்றையும் அழித்தாள்.

சொட்டுக்கென்று நிறம் கிடையாது. அடியில் இருப்பதுதான் அதன் நிறம். ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் அப்பாவின் தோலையே வைத்தாள், கொஞ்சம் உப்பலாக. வெயில் இடப்பக்கம். அங்கே ஒரு மினுக்கம். வலப்பக்கம் அடியில் நூல் போல நிழல். ஒன்று புளியங்கொட்டை அளவு, ஒன்று கடுகு அளவு.

இரண்டு சொட்டுகளை ஒன்றாகச் சேரவிட்டாள். சேர்ந்த கனத்துக்கு அது கன்னத்தில் இறங்கியே ஆக வேண்டும்.

இறக்கினாள்.

தண்ணீர் இறங்கிய தடத்தில் கல்மாவு நிற்காது. கழுத்து மடிப்பில் மாவு படாத இடத்திலிருந்து கொஞ்சம் தோலை எடுத்து அங்கே பூசினாள்.

அப்பாவின் கறுப்பு பளிச்சென்று வந்தது.

அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

முதலாளி வந்தார். கண்ணாடியை மாட்டினார். திரைக்குக் கிட்டே போனார், தள்ளி வந்தார்.

"இது எந்தத் தோட்டம் அம்மிணி? எனக்கு நெனப்பே வர மாட்டேங்குது."

அக்கா சுத்தியலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

வண்டிகள் நிற்கும் ஷெட்டின் வாசலில் பேனரைக் கட்டினார்கள். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். அப்பாவோடு ராடு மாட்டுகிற அங்கமுத்து, அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேனருக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே இருக்கிறவன் குளித்திருக்கிறான், இவன் வேறு ஆள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி அவள் நின்றாள். தன் கைவேலை என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்தார். காய்ந்து வெளுத்துக் கிடந்த தன் முகத்தை, மீசையிலிருந்து கழுத்து வரை, நிதானமாகத் துடைத்தார்.

மாவு படிந்த அந்தக் காய்ந்த துண்டை உதறவில்லை.

பிழிந்தார்.