நூற்றுக்கு நாற்பது

"சீட் கிடைக்க வாய்ப்பு நூத்துக்கு அஞ்சுதான்" என்றார் கல்லூரி சேர்க்கை ஆலோசகர், மார்க் ஷீட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "இதே மார்க்கோட அந்த யுனிவர்சிட்டி வாசல்ல ஆயிரம் பேர் நிக்கிறாங்கம்மா."

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனைக் காட்டினாள்.

"இவன் அப்ளிகேஷனுக்கு எழுதின கட்டுரையையும் ஒரு தடவை பாத்துடுங்க சார்."

கண் தெரியாத தங்கைக்குத் தினமும் பாடம் வாசித்துக் காட்டுவதைப் பற்றி அவன் எழுதியிருந்தான். ஆலோசகர் இரண்டு முறை படித்தார்.

"இதை ஏன் முதல்லயே காட்டல? இப்ப நாப்பது. வெள்ளிக்கிழமை வீடியோல நேர்காணல் பண்ணுவாங்க. அந்தப் பொண்ணையும் பக்கத்துல உட்கார வைங்க. அவளைப் பாத்த பிறகு இவனுக்கு சீட் இல்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் போன் அடித்தது.

"ஆமாங்க, ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கோம். நாளைக்கேவா?"

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லங்க, பொண்ணுக்குக் காய்ச்சல் அடிக்குது. வர முடியாது. அடுத்து யாரு இருக்காங்களோ அவங்களுக்கே வச்சிடுங்க."

உள்ளேயிருந்து தங்கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"யாரும்மா, கண் ஆஸ்பத்திரியா? எனக்குக் கண்ணு வந்துடுச்சா?"

"இல்லடி. ராங் நம்பர்."

அவள் தடவிக்கொண்டே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி விடு. அண்ணா, நேத்து விட்ட இடத்துலேருந்து படி."

அவன் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான், வழக்கத்தைவிடச் சத்தமாக.