சுவருக்கு விபூதி

மலேசியாவுக்கு நிலநடுக்கம் வராது. அப்படியே வழி தவறி வந்தாலும் கேமரன் மலைக்கு ஏறாது. தாப்பா ரோட்டு வளைவுகளிலேயே தலைசுற்றி, வாந்தி எடுத்து, வந்த வழியே திரும்பிவிடும்.

சொன்னவர் காண்ட்ராக்டர் புவனேஸ்வரன். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கேட்டவர்களும் சிரிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் குடியிருப்பது அவர் கட்டிய வீட்டில்.

முந்தின நாள் சுமத்ராவில் பூமி ஆடியதற்கு இங்கே மங்குக் கிண்ணங்கள் கொஞ்சம் கிலுகிலுத்தன. அவ்வளவுதான். கடைசி வீட்டுக் குமுதாவுக்கு மட்டும் சுவர் பிளந்துவிட்டதாம்.

போய்ப் பார்த்தார். ஹாலும் சமையலறையும் சேருகிற இடத்தில், கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். அதன் குறுக்கே விபூதியைக் குழைத்து மூன்று விரலால் பட்டை இழுத்திருந்தாள்.

"என்னா தங்கச்சி, பட்டை போட்டுட்ட. அடுத்து சுவத்துக்கு மொட்டை அடிச்சி காவடி தூக்க விடுவியா?"

வாசலில் நின்றவர்கள் இந்த முறை சிரித்தார்கள்.

"சாமிக்கு இல்லண்ணே. பட்டை காஞ்சப்பறம் முறிஞ்சா, சுவரு நவுருதுன்னு அர்த்தம். காலையில போட்டது, முறிஞ்சிருச்சி பாருங்க. கொஞ்ச நாளைக்கி எங்கள ஒங்க வீட்டுல இருக்க விடுங்கண்ணே. மாமாவுக்குக் காலு நடக்காது. குளிருக்கு அடுப்போரத்த விட்டு நகர மாட்றாரு."

அடுப்போரத்தில் அவள் மாமனார் சின்னையா கம்பளிக்குள் இருந்தார். காது மட்டும் வெளியே தெரிந்தது.

புவனேஸ்வரனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மலையை வெட்டிச் சமமாக்கிய தரையில் வீட்டின் முன்பாதி. வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டி, அதன்மேல் பின்பாதி. அரிசி டின்னைத் தட்டினால் அரிசி இறங்குவதுபோல, ஆட்டினால் கொட்டின மண் இறங்கும். வெட்டின தரை அசையாது. நடுவில் மாட்டிக்கொள்வது சுவர்.

அவரிடம் ஓரவஞ்சனை கிடையாது. தன் வீட்டையும் அப்படித்தான் கட்டியிருந்தார்.

"எங்க வீடு என்ன சத்திரமா லா?" என்றவர், ஆளை அனுப்பி விரிசலைச் சிமெண்டால் அடைத்தார். விபூதி தெரியாமல் மேலே இளம்பச்சைப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம், மகள் பள்ளிக்கூடத்திலும் குமுதா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டும் இருந்த மத்தியான வேளையில், மறுபடி ஆடியது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான்.

ஹால் நின்றது. சுவரில் காலண்டர்கூடக் கோணவில்லை. சமையலறை மட்டும், அடுப்போடும் சின்னையாவோடும், மண்ணோடு மண்ணாகக் கீழே ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. புதிதாகப் பூசிய சிமெண்ட் ஹால் பக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. தரமான வேலை.

"மழையால வந்தது லா. நிலநடுக்கமாவது ஒண்ணாவது" என்று சாவு வீட்டில் ஒவ்வொருவரிடமும் சொன்னார் புவனேஸ்வரன். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

கருமாதி முடிந்த அன்று, எல்லார் முன்னாலும் அவர் குமுதாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இனிமே நீயும் மவளும் எங்க வீட்டுலதான். பின்னால இருக்கிற எங்க பெட்ரூமையே எடுத்துக்க. நானும் ருக்குவும் ஹால்ல பாய் போட்டுக்கிறோம்."

குமுதா அவர் காலில் விழப் போனாள். அவர் மனைவி ருக்குமணிக்குப் பெருமையில் கண் கலங்கியது. கோயில் கமிட்டி ஒரு பொன்னாடைக்கு ஏற்பாடு செய்தது.

சாயங்காலம் குமுதா மூட்டையோடு வாசலுக்கு வந்தபோது, புவனேஸ்வரன் பின்னறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

"கொஞ்சம் இரும்மா, ஒனக்காகத்தான் ரூம ஒதுங்க வைக்கிறாரு" என்றாள் ருக்குமணி.

அவர் துணி அலமாரியைச் சத்தமில்லாமல் நகர்த்தினார். நேற்றுப் போட்ட பட்டை நடுவில் முறிந்திருந்தது. அதற்கு முந்தின நாள் போட்டதும் முறிந்துதான் இருந்தது.

சட்டைப் பையில், சாவு வீட்டில் மிஞ்சிய விபூதி இருந்தது. உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் தெளித்துக் குழைத்தார்.

மூன்று விரலால், விரிசலின் குறுக்கே, நிதானமாக இழுத்தார். பிறகு அலமாரியைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார்.